வெள்ள மூட்டைக்கு எந்த டார்ச்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, முழங்கால் தண்ணீரில் நின்று, வாயில் சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டு அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். டார்ச் நழுவி விழுந்தது. துழாவி எடுத்தால், கண்ணாடிக்குள் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. அதன் பிறகு, வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்ப வைத்திருக்கும் அவசர மூட்டைக்காக எந்த டார்ச்சைப் பார்த்தாலும், தண்ணீர் நுழைய எத்தனை வழி இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணுகிறேன்.

அன்று விழுந்தது நடைபாதைக் கடை ஜூம் டார்ச். தலையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் ரகம். சைக்கிள் பம்பு போலத்தான் அது: வெளியே இழுக்கும்போது காற்றை உள்ளே வாங்கும், நீருக்குள் இழுத்தால் நீரை வாங்கும். அட்டையில் ‘வாட்டர் புரூஃப்’ என்று பெரிதாக இருந்தது, நீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி எண் மட்டும் இல்லை.

அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஐபிஎக்ஸ்4 நீர் தெறிப்பதைத் தாங்கும். மழைக்குப் போதும், வெள்ளத்துக்குப் போதாது. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபிஎக்ஸ்8 அதைவிடக் கடுமையானது. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரித்தவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சோதனையில் இறங்குவது புது டார்ச், சுத்தமான நீரில். சேறும் இரண்டு வருடப் பழைய ரப்பரும் அந்தக் கணக்கில் வராது.

யுஎஸ்பி சார்ஜ் டார்ச்சுகளில் ஐபிஎக்ஸ்8 எளிதாகக் கிடைக்கிறது, வெளிச்சமும் அள்ளிக் கொட்டுகிறது. பல மாடல்களில் சார்ஜ் துளையைக் காப்பது ஒரு ரப்பர் மூடிதான். அது சரியாக அழுந்தாவிட்டால் எண்ணால் பயனில்லை. மின்சாரம் திரும்ப மூன்று நாளானால் எங்கே போய்ச் சார்ஜ் போடுவது? அன்றாடத்துக்கு வாங்குங்கள், மூட்டைக்கு வேண்டாம்.

என் ஓட்டு தலையைத் திருகினால் எரியும் ஒற்றை பேட்டரி டார்ச்சுக்கு. 1984இல் வந்த மினி மேக்லைட் பிரபலமாக்கிய வழி இது. பொத்தான் இல்லை, துளை இல்லை. மரையும் அதில் நீரைத் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும்தான். வெளிச்சம் சுமார்தான், ஈரக் கையில் திருகுவதும் எரிச்சல்தான். ஆனால் பென்சில் பேட்டரி பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அதை மாற்றும்போது மட்டும் கையையும் டார்ச்சையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். நீர் உள்ளே போக மிச்சமிருக்கும் பெரிய வழி அதுதான்.

வாங்கியதும் பேட்டரியை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்து, இறுக மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டேன். துண்டு மொறுமொறுவென்று வெளியே வந்தது. ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவி, கயிறும் கட்டினேன். அலுமினிய டார்ச் மிதக்காது. கறுப்பு நிறம் வேறு, கலங்கல் நீரில் விழுந்தால் தேட முடியாது. பேட்டரி கசிந்து உள்ளேயே அரித்துவிடும் என்பதால், அதைக் கழற்றித் தனி உறையில் வைத்திருக்கிறேன்.