கொழும்பு வெள்ளவத்தை ஐஎல்ட்ஸ் (இங்கிலிஷ் சோதனை) கிளாஸ் ஒண்டு: ரைட்டிங்குக்குப் போகலாம், மிச்சத்துக்குக் காசு குடுக்காதேங்கோ

பேர் போடேல்ல, இன்பொக்ஸில வந்தும் கேக்காதேங்கோ. காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குற லேன் ஒண்டில, கீழ போட்டோகொப்பிக் கடை, மேல கிளாஸ். வெள்ளவத்தைச் சனத்துக்கு இது நாலைஞ்சு இடத்துக்குப் பொருந்தும். கனடா பிஆருக்கு (நிரந்தர வதிவிடம்) எண்டு சனிக்கிழமை பச்சில சேர்ந்தனான், வேலைக்குப் போறாக்களுக்கு அதுதான் தோது.

படியேறேக்க சுவர் முழுக்கப் பெடி பெட்டையளின்ட படம், கீழ ஓவரோல் (நாலு பகுதியின்ட சராசரி) 7.5, ஓவரோல் 8 எண்டு பெரிசா எழுதி வச்சிருக்கினம். அதைப் பார்த்து மயங்காதேங்கோ. எக்ஸ்பிரஸ் என்ட்ரி எண்ட கனடாவின்ட பிஆர் பொயின்ட்ஸ் முறைக்கு ஓவரோலை ஒருத்தரும் பாக்கிறேல்ல, நாலு பகுதியையும் தனித்தனியா சிஎல்பி எண்ட கனடாவின்ட மொழி அளவுக்கு மாத்தித்தான் பொயின்ட்ஸ் போடுறது. சிஎல்பி 9 வேணுமெண்டா லிஸனிங் 8, ரீடிங் 7, ரைட்டிங் 7, ஸ்பீக்கிங் 7. மற்ற மூண்டிலயும் 9 எடுத்தாலும் ரைட்டிங் 6.5 எண்டா அது சிஎல்பி 8 தான்.

இதில போற பொயின்ட்ஸை ஒருக்கா கூட்டிப் பாருங்கோ. கலியாணம் கட்டாத ஆள், ஒரு டிகிரி, கனடாவுக்கு வெளியில மூண்டு வருசத்துக்கு மேல வேலை எண்டு வைப்பம், அந்த ஒரு 6.5 ஆல ரைட்டிங்கில நேரா 8 போகும், படிப்பும் இங்கிலிசும் சேர்ந்து வாறதில 12 போகும், வேலையும் இங்கிலிசும் சேர்ந்து வாறதில 25 போகும், மொத்தம் 45, அதுவும் அரை பாண்ட் (ஐஎல்ட்ஸ் ஸ்கோர்) குறைஞ்சதால. 2025 மார்ச் 25 இல ஜொப் ஒபர் பொயின்ட்ஸையும் தூக்கிட்டாங்கள், இனி இங்க இருந்துகொண்டு சட்டெண்டு கூட்டக்கூடியது இங்கிலிஷ் ஸ்கோர் ஒண்டுதான். இந்தக் கணக்கை முதல் நாளே போர்டில போட்டுக் காட்டியிருக்க வேணும், அங்க ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

அடுத்த குறை, ஐஎல்ட்ஸில ரெண்டு வகை இருக்கு, ஆனா அகடமிக் ஆக்களையும் ஜெனரல் ஆக்களையும் ஒரே அறையில இருத்தி வச்சிருக்கினம். கனடா பிஆருக்கு ஜெனரல் தான் செல்லும், அதின்ட ரைட்டிங்கில கிராப்பே வராது, கடிதம்தான் வரும். எங்கட பச்சில பாதிப்பேர் ஜெனரல், ஆனா யூனிவர்சிட்டிக்குப் போற பிள்ளையளுக்காக பார் சார்ட்டையும் பை சார்ட்டையும் கிழமைக் கணக்கா பாத்துக்கொண்டு இருந்தம். ஏசி மட்டும் நல்லாப் போட்டாங்கள்.

லிஸனிங், ரீடிங் வகுப்பு எண்டது ஸ்பீக்கரில ஓடியோவைப் போட்டிட்டு விடை வாசிக்கிறதுதான். அதுக்கு ஏன் காசு? வீட்டில ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பழைய பேப்பர் செய்தாலே காணும், கொம்பியூட்டர் ரெஸ்ட் எண்டா அங்கயும் ஹெட்போன் தான். ஒண்டை மட்டும் மனசில வையுங்கோ, ஜெனரல் ரீடிங்கில 7 எடுக்க 40 இல 34 அளவு சரியா வரவேணும், அகடமிக்கில 30 அளவு காணும். ஜெனரல் லேசு எண்டு சொல்லுறவையை நம்பாதேங்கோ.

இனி நல்ல பக்கம். ரைட்டிங் எடுக்கிற மிஸ் ஒராள் இருக்கிறா, முந்தி இஸ்கூலில இங்கிலிஷ் படிப்பிச்சவவாம். அவவுக்காகத்தான் இந்த ரிவியூவே எழுதுறன். எல்லாற்ற கட்டுரையும் "இன் திஸ் மொடர்ன் வேர்ல்ட்" எண்டுதான் தொடங்கும், அந்த வரிக்கு மேல சிவப்புப் பேனையால ஒரே இழுவை, பக்கத்தில "சொல்ல வந்ததைச் சொல்லு". கடிதத்தில கேள்வியில குடுத்த மூண்டு விசயத்துக்கும் பக்கத்தில 1, 2, 3 எண்டு நம்பர் போடுவா, மூண்டாவது ரெண்டு வரியில முடிஞ்சிருந்தா திருப்பி எழுது எண்டு பேப்பரைக் கையில தந்திடுவா. ஒரு அண்ணா கூட்டாளிக்கு எழுதின கடிதத்தை யுவர்ஸ் பெய்த்புல்லி எண்டு முடிச்சதுக்கு, நீங்க பாங்குக்கா எழுதுறீங்க எண்டு கேட்டு வகுப்பே சிரிச்சது. ராஸ்க் ரூவுக்குத்தான் (கட்டுரை) ராஸ்க் வண்ணை (கடிதம்) விட ரெண்டு மடங்கு நிறை, அதால முதலே கட்டுரையை எழுதி முடிக்கச் சொல்லிப் பழக்கினவ. எனக்கு 6.5 இல இருந்து 7 வந்தது முழுக்க அவவாலதான்.

ஸ்பீக்கிங் மொக் (மாதிரிச் சோதனை) சுமார். பாடமாக்கின வசனங்களைத் தந்து கியூ கார்டுக்கு (தலைப்பு எழுதின அட்டை) ஒப்புவிக்கச் சொல்லினம், ரெண்டு நிமிசம் கிளி மாதிரிச் சொல்லிட்டு அடுத்த கேள்விக்கு முழிக்கிறதைக் கண்டனான். ஒரு கூட்டாளியோட பீச் பக்கம் நடந்துகொண்டு இங்கிலிசில கதைச்சாலே அதை விடப் பிரயோசனம், ஆக்கள் திரும்பிப் பாப்பினம், பாக்கட்டும்.

அவுஸ்ரேலியாவுக்குப் போறாக்களுக்கு ஒண்டு. கிளாஸ் சுவரில ஒட்டின பிடிஇ (ஐஎல்ட்ஸ் மாதிரி இன்னொரு இங்கிலிஷ் சோதனை) ஷீட்டில இன்னும் எல்லாத்துக்கும் 65 எண்டுதான் கிடக்கு. 2025 ஓகஸ்ட் 7 இல இருந்து அது மாறிட்டுது, ப்ரொபிஷன்ட் எண்ட இங்கிலிஷ் மட்டத்துக்குக் குடுக்கிற 10 பொயின்ட்ஸுக்கு இப்ப லிஸனிங் 58, ரீடிங் 59, ரைட்டிங் 69, ஸ்பீக்கிங் 76. சொன்னனான், ஓம் மாத்துறம் எண்டினம், கடைசியா போகேக்கயும் அதே ஷீட். அதோட வன் ஸ்கில் ரீடேக் செய்து ஒரு பகுதியை மட்டும் திருப்பி எழுதலாம் எண்டு எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுறாங்கள், அவுஸ்ரேலியா அதை எடுக்கும், கனடா எடுக்காது, கட்ட முதல் பாத்துக்கொள்ளுங்கோ.

அஞ்சுக்கு ரெண்டரை குடுப்பன், ரெண்டும் மிஸ்ஸுக்கு, அரை ஏசிக்கு. ஒபிஸில இருக்கிற பிள்ளை முழு கோர்ஸைத்தான் தலையில கட்டப் பாக்கும். ரைட்டிங் திருத்தம் மட்டும் வேணும் எண்டு கேளுங்கோ, முதல்ல அப்பிடி இல்லை எண்டுவினம், மிஸ்ஸிட்ட நேர கேட்டா பேப்பர் கணக்குக்குக் காசு வாங்கித் திருத்தித் தருவா, சனி மத்தியானத்துக்குப் பிறகு போனா ஆளைப் பிடிக்கலாம்.