குண்டலினித் தியானமும் அதற்குப் பின் வரும் வட்டமும்

மாலைநேரத் தியான வகுப்பின் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்களாம், தானும் சேரலாமா என்று திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் தோழி கேட்டிருக்கிறார். சில ஆண்டுகளாக அங்கு போய்வருகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அங்கு பயிற்றுவிக்கப்படுவது ஓஷோ வகுத்த குண்டலினித் தியானம் என்பதும், 15 நிமிடக் கட்டங்கள் நான்காக ஒரு மணி நேரம் நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். முதற்கட்டத்தில் உடம்பை உதறுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மெல்லத் தொடங்கினால் போதும். அயலவருக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று யன்னல்களைச் சாத்திவிடுவதால், கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் மண்டபம் வெந்துபோகும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

என்னை அங்கே கட்டிப்போட்டது இரண்டாம் கட்டத்து ஆட்டம். நம்மூரில் காவடி எடுப்பவர்களுக்கு ஆட்டம் உண்டு, அரங்கேற்றம் காணும் பிள்ளைகளுக்கு உண்டு. பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் தவில் முழங்கும்போது கால் தானாகத் தாளமிட்டாலும், என் வயதுப் பெண்ணொருத்தி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக நிற்பதே வழக்கம். அந்த 15 நிமிடங்களில் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. அடவு இல்லை, ஆகவே பிழையும் இல்லை. இறைவனின் ஐந்தொழிலையும் கூத்தாகவே காட்டும் சைவத்தில் வளர்ந்திருந்தும், ஆடுதல் வழிபாடாக இருக்க முடியும் என்பதை என் கால்கள் அறிந்தது அங்கேதான்.

வெறுமனே கண்ணை மூடி உட்கார்ந்தால் வீட்டுக் கணக்கில் போய் நிற்கும் மனம், ஆடிக் களைத்த உடம்பில் தானே தங்கிவிடுகிறது. கோபம் வரும்போது வாயைத் திறக்குமுன் மூச்சைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. என் பிள்ளைகளே அதைச் சொல்கிறார்கள்.

என் சினமெல்லாம் அதற்குப் பிறகு நடப்பதன் மீதுதான். ஜேர்மன் இசைஞர் டொய்ட்டரின் இசை மூன்றாம் கட்டத்தோடு ஓய்ந்து, கடைசிக் கட்டம் முழுவதும் மௌனமாகப் படுத்திருக்க வேண்டும் என்பதே முறை. எங்கள் வகுப்பிலோ அந்த மௌனம் முடிந்ததும் முடியாததுமாக விளக்கைப் போட்டு, எல்லோரையும் வட்டமாக இருத்தி, "இன்று என்ன உணர்ந்தீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். புதிதாக வருபவர்களின் அச்சம் தெளியப் பேச்சு உதவும் என்பதையும், நடத்துகிறவர்கள் நல்லெண்ணத்தோடே அதைச் செய்கிறார்கள் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி காத்திருக்கிறதென்று தெரிந்துவிட்டால் ஆட்டமே மாறிவிடுகிறது. ஒருவர் தான் அழுததைச் சொன்னால் அடுத்த கிழமை வேறு சிலரும் அழுகிறார்கள்; ஆடிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒருத்தி வாக்கியம் கோக்கத் தொடங்குகிறாள். எவரும் பார்க்காத இடம் என்பதற்காகப் போன நான், கடைசியில் சபைக்காக ஆடுகிறேன். சொல்ல ஒன்றுமில்லை என்றாலோ, "நீங்கள் இன்னும் மனம் திறக்கவில்லை" என்கிறார்கள். பணிவாகப் பலமுறை எடுத்துச் சொல்லியும் மாற்றமில்லை.

ஆகவே தோழிக்கு என் பதில், இப்போதைக்குச் சேர வேண்டாம் என்பதே. எவ்வளவு கட்டணம் குறைந்தாலும் அந்த வட்டம் தரும் சங்கடத்துக்கு ஈடாகாது. இசைப்பதிவை எடுத்துக்கொண்டு, வெயில் தாழும் வேளையில் அறைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டிலேயே ஆடுங்கள். நான் வரும் சனிக்கிழமையும் போவேன். பலர் ஒன்றாகக் கால் பதித்து ஆடும்போது எழும் அதிர்வு என் வீட்டுத் தரையில் வருவதில்லை. மௌனம் முடிந்ததும், கேள்வி தொடங்குமுன் எழுந்து வந்துவிடுவேன் என்று நடத்துகிறவர்களிடம் சொல்லிவிட்டேன்.