காஸும் கரண்ட்டும் ஒரே பெட்டியிலா, தனித்தனியாவா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டியபோது நடந்த பெரிய சண்டை டைல்ஸ் நிறத்துக்காக இல்லை, அடுப்புக்காக. குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஆறு வருஷமாக ஒரு குக்கிங் ரேஞ்ச் இருக்கிறது. மேலே நாலு காஸ் பர்னர், கீழே கரண்ட்டில் ஓடும் ஓவன், எல்லாம் ஒரே உடம்பு. அதைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு ஆசை. அதில் நின்று சமைத்துப் பார்த்திருப்பதால் எனக்குப் பயம். கடைசியில் மூணு பர்னர் ஸ்டீல் அடுப்பு ஒன்று, தனியாக 30 லிட்டர் ஓ.டி.ஜி (மேடையில் வைக்கும் சின்னக் கரண்ட் ஓவன்) ஒன்று என்று வாங்கினோம். ஒன்றரை வருஷம் ஆகிறது. அதனால் இதில் நான் எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

விலையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். எங்கள் ரெண்டு சாமானும் சேர்த்து பதிமூணாயிரத்துக்குள் முடிந்தது. அக்கா ரேஞ்சுக்குக் கொடுத்தது அதைப் போல ரெண்டரை மடங்கு, அதுவும் ஆறு வருஷத்துக்கு முன். இடம் என்று பார்த்தால் ரேஞ்ச் தரையில் நிற்கும், அதற்காகக் கிரானைட் மேடையை நடுவில் வெட்டி விட வேண்டும். பார்க்க ரேஞ்ச்தான் அழகு, அதில் சந்தேகமே இல்லை.

ரேஞ்சுக்கு நியாயமாகச் சேர வேண்டிய புகழையும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் ஓவனில் ரெண்டு தட்டு ஒரே நேரத்தில் போகும், முழுக்கோழி நிமிர்ந்து உட்காரும். என் ஓ.டி.ஜியில் ஒரு கிலோ கேக் டின் வைத்தால் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தட்டு கூட நுழையாது. இன்னொன்று, அவர்கள் பர்னரில் தீ அணைந்தால் காஸ் தானாக நின்றுவிடும் அமைப்பு உண்டு. பர்னர் ஓரத்தில் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உலோக முனை, அது சூடாக இருக்கும்வரைதான் காஸை விடும், ஆறினால் வால்வு மூடிக்கொள்ளும். என்னுடைய சாதாரண அடுப்பில் அது கிடையாது. ஜன்னல் காற்றில் சிம்மில் இருந்த தீ அணைந்து காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்திருக்கிறது. மூக்குதான் காப்பாற்றியது. இந்த ஒரு விஷயத்தில் ரேஞ்ச் என்னுடையதை விட ஒரு படி மேல்தான்.

சரி, அப்புறம் ஏன் வாங்கவில்லை? பராமரிப்பு. எனக்கு மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

மூணு வருஷத்துக்கு முன் பொங்கல் அன்று அக்கா வீட்டில் இருந்தோம். அபார்ட்மென்ட் என்பதால் வாசலில் அடுப்பு வைக்க முடியாது, ரேஞ்சில்தான் பானை. பால் பொங்கியது, எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தினோம், பால் வழிந்து பர்னர் தட்டில் இறங்கி, அங்கிருந்து குமிழ் இருக்கும் இடுக்கு வழியாக உள்ளே போனது. டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. உள்ளே ஓடும், பொறி தரும் இக்னிஷன் ஒயர் நனைந்து, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி சுவிட்ச் விழுந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. பர்னர் தீயும் பாலில் அணைந்துவிட்டது, கரண்ட் இல்லாததால் குமிழை அழுத்தினால் பொறி வரவில்லை, லைட்டர் என்று ஒரு பொருளை அந்த வீட்டில் வாங்கியதே இல்லை. பூஜை அறையில் இருந்த தீப்பெட்டியில் ரெண்டே குச்சி. தீப்பெட்டிக்குப் பேர் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த ரெண்டு குச்சியைப் பத்திரமாகக் கிழித்துப் பொங்கலை முடித்தோம். மாமா ஹாலில் இருந்து, "பால் பொங்கிச்சா?" என்று கேட்க, அக்கா, "பொங்கிச்சு, கரண்ட்டும் சேர்ந்து போச்சு" என்றாள்.

சிரித்தோம். சிரிப்பெல்லாம் அன்றைக்கு மட்டும்தான். அதற்கப்புறம் சர்வீஸ் ஆள் வர மூணு வாரம் ஆயிற்று. சென்னையில் இருந்து வேலூர்ப் பக்கம் நாலைந்து வேலை சேர்ந்தால்தான் வருவார்களாம். வந்தவர் ரேஞ்சை முன்னால் இழுத்து, காஸைக் கழற்றி, மேல்தட்டைத் தூக்கி, ஒயரிங்கைப் பார்த்து, பார்ட் ஆர்டர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ஓட்டலில். அடுத்த வருஷம் ஓவனில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போனது. அதாவது கோளாறு ஓவனில், காஸ் அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது. ஆனால் ஓவனைப் பார்க்க மறுபடியும் முழுப் பெட்டியையும் இழுக்க வேண்டும், காஸைக் கழற்ற வேண்டும், அன்றைக்கும் வீட்டில் உலை ஏறாது. ரெண்டு சாமானை ஒரு பெட்டியில் போட்டால் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தாலும் ரெண்டும் படுத்துக்கொள்கிறது.

என் அடுப்பில் போன மாசம் ஒரு குமிழ் திருக முடியாமல் இறுகிவிட்டது. லாங் பஜார் பக்கம் அடுப்பு ரிப்பேர் கடையில் கொண்டுபோய் வைத்தேன், குமிழுக்குப் பின்னால் இருக்கும் காக் என்ற வால்வைக் கழற்றி கிரீஸ் வைத்து அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். இருநூறு ரூபாய். கையில் தூக்கிக்கொண்டு போக முடிகிற அடுப்பு என்பதன் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது.

சுத்தம் செய்வதும் இதே கதைதான். வேலூரைப் பற்றி ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று கிண்டல் செய்வார்கள் இல்லையா, அந்தத் தண்ணீர் இல்லாத ஆற்றின் கரையில் எங்களுக்கு வருவது போர் தண்ணீர். உப்பு. எதைத் துடைத்தாலும் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு. பித்தளை பர்னரின் ஓட்டைகளில் இந்த உப்பும் சாம்பார் வழிந்ததும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கரியாகும், காஸும் வீண். நான் வாரத்துக்கு ஒருமுறை பர்னர் தலையை வெந்நீரில் புளி கரைத்து ஊற வைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, ஊசியால் ஓட்டையைக் குத்தி, வெயிலில் காய வைக்கிறேன். காய வைப்பது முக்கியம், ஈரத்தோடு மாட்டினால் தீ துப்பும். கீழே காஸ் வரும் ஜெட்டின் துவாரத்தை மட்டும் ஊசியால் குடையாதீர்கள், அது பெரிதானால் தீயின் அளவே மாறிவிடும். அப்புறம் அடுப்பையே தூக்கி மேடையை ஒரு துடை. ரேஞ்சில் இதில் பாதிதான் முடியும். பின்பக்கமும் அடிப்பக்கமும் போன எண்ணெயும் பருக்கையும் அங்கேயே குடியிருக்கும், கரப்பான் வாடகை கொடுக்காமல் தங்கும். அக்கா ரேஞ்சை இழுத்தபோது சுவரில் இருந்த பிசுக்கைச் சுரண்டித்தான் எடுத்தோம்.

பாதுகாப்பு விஷயத்திலும் எனக்கு உறுத்தல் இருந்தது. எல்.பி.ஜி காற்றை விடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ரேஞ்சில் பர்னருக்குக் கீழே இருப்பது ஓவன், தெர்மோஸ்டாட், சுவிட்ச் எல்லாம். ரேஞ்ச் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை, ஒழுங்காகப் பொருத்தினால் வருஷக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் வாசனை வந்தால் கை தானாகப் போவது குமிழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்கும்தான். சுவிட்சைத் தொடக்கூடாது, ஓவன் சுவிட்சையும்தான். குமிழை அழுத்தவும் கூடாது, பொறி வரும். ஓடிக்கொண்டிருப்பதை அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும். சோப்பு நுரையைத் தடவிப் பார்க்கும் சோதனை எல்லாம் வாசனை இல்லாத சாதாரண நாளில் செய்வதற்கு. தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பது எந்த நாளிலும் கிடையாது.

டியூப் இன்னொன்று. ரேஞ்சில் காஸ் நுழைவது பின்பக்கம், ஓவனின் முதுகுக்குப் பக்கத்தில். ஆரஞ்சு டியூப் அந்தச் சூட்டில் உரசிக்கொண்டு போகக்கூடாது. அக்கா வீட்டில் முதலில் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள், ரேஞ்சை இழுத்த அன்றுதான் ஒரு இடத்தில் வெளுத்து விறைத்திருந்ததைப் பார்த்தோம். பிறகு சுவர் ஓரமாகச் செம்புக் குழாய் போட்டார்கள். டியூபின் மேலேயே தேதி அச்சடித்திருக்கும், அஞ்சு வருஷம்தான் கணக்கு. என் அடுப்பில் டியூப் கண் முன்னால் தொங்குகிறது, ரேஞ்சில் நாம் மறந்தே போகும் இடத்தில் இருக்கிறது. பராமரிப்பு என்று நான் அடித்துக்கொள்வது இதைத்தான், கண்ணில் படாததை யாரும் பராமரிக்க மாட்டார்கள்.

கரண்ட் பக்கம் ரெண்டுக்கும் விதி ஒன்றே. அக்கா ஓவன் 2500 வாட், 230 வோல்ட்டில் 11 ஆம்பியர் இழுக்கும். என்னுடையது 1600 வாட், 7 ஆம்பியர். ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் ரெண்டுமே போகக்கூடாது, தனி ஒயரிங்கோடு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும், நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடையாது. ரெண்டும் உலோக உடம்பு என்பதால் எர்த் இருக்க வேண்டும், பெயருக்கு இல்லை, நிஜமாக. எங்கள் எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்ப்பை பிளக்கில் கரண்ட் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார், பல்பு மினுக்கு மினுக்கு என்று அழுதது. "கரண்ட்டு நல்லா கீதும்மா, எர்த்துதான் இல்ல" என்றார். காரணம் சித்திரை வெயில். எர்த் குழியில் மண் காய்ந்து கல்லாகிவிட்டது. உப்பும் கரியும் புதிதாகப் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும் பல்பு நின்று எரிந்தது. அன்றிலிருந்து மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் வாரம் ஒரு குடம் எர்த் குழிக்கு. செடிக்கு ஊற்றுவது போல அத்தை அதை மறக்காமல் செய்கிறார்.

கரண்ட் பில் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு கேக்குக்கு முக்கால் மணி நேரம் ஓடினால் ஒன்றே கால் யூனிட்டுக்குள்தான், சூடேறியதும் தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தானே ஓடுகிறது. ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதில் இதெல்லாம் தெரியாது, ஏ.சி ஓடும் கோடையில் மட்டும் ஸ்லாப் தாண்டுகிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

என் பக்கத்துக் குறைகள்: ஓ.டி.ஜி மேடையில் இடத்தை அடைக்கிறது, வெளியுடம்பு தொட்டால் சுடும், சுவரில் இருந்து நாலு விரல் தள்ளித்தான் வைக்க வேண்டும், மேலே துணி, பிளாஸ்டிக் எதுவும் வைக்கக்கூடாது. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கேக் செய்து கொடுக்கும்போது ஒவ்வொரு டின்னாக வைத்து எடுத்து ராத்திரி பன்னிரண்டு மணி ஆகிறது. வாரம் நாலு நாள் பேக் செய்பவர்களுக்கு என் கணக்கு பொருந்துமா என்றால், டிசம்பர் தவிர நான் மாசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல் செய்ததில்லை, அவர்கள் ரேஞ்சையே விரும்பலாம்.

அப்படி ரேஞ்ச்தான் என்று முடிவு செய்தால் ரெண்டு மூணு விஷயம். கண்ணாடி மூடியைப் பர்னர் ஆறுவதற்கு முன் மூடாதீர்கள், வெடித்துச் சிதறும். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் கொண்டுவந்ததை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அது குழாய் காஸுக்கான ஜெட்டோடு இருக்கலாம், சிலிண்டரில் மாட்டினால் கரும்புகையோடு பெரிய தீ வரும், ஜெட்டை மாற்றித்தான் பொருத்த வேண்டும். ஓவன் உள்ளே எலிமென்ட் மேல் தண்ணீர் தெளிக்காமல், பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி வைத்துத் துடைத்தால் போதும். முக்கியமாக ஓவனை அலமாரி ஆக்காதீர்கள். அக்கா அப்பளம், வடகம், பழைய பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தாள், ஒருநாள் மகன் பீட்சாவுக்கு ஓவனைச் சூடேற்ற, டப்பா உருகி அப்பளத்தின் மேல் வழிந்து, அந்த நாற்றம் போக ஒரு வாரம் ஆயிற்று.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயில் எண்ணெய் தடவி நேராகத் தீயில் சுட்டுத் தொக்கு செய்வது எங்கள் வீட்டு வழக்கம். தோல் வெடித்து நீர் சொட்டும், பர்னர் நாசமாகும். ஸ்டீல் அடுப்பு, கழற்றினேன், கழுவினேன். அக்கா வீட்டில் கத்திரிக்காய் சுடுவதை நிறுத்தி மூணு வருஷம் ஆகிறது. அவள் இங்கே வந்தால் சுட்டுச் சாப்பிட்டுப் போகிறாள், டிசம்பரில் ஆர்டர் அதிகமானால் நான் டின்களையும் சாமான்களையும் பையில் போட்டுக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறுகிறேன், அவள் ஓவன் அந்த வாரம் வேலை செய்தால்.