கழுத்து எரிவுக்கு எது தோது: ஐந்து பிளேட்டா, ஒற்றை பிளேட்டா, சலூனா?

கன்னத்தில் எந்த றேசரை வைத்து இழுத்தாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். மாட்டிக்கொள்வது கழுத்தில்தான். தாடை எலும்பு முடிகிற இடத்திலிருந்து கீழே தோல் மெல்லியது, தளர்ந்தது. முடியும் ஒரே பக்கமாக வளராது. குரல்வளைக்கு மேலே கீழ்நோக்கி, பக்கவாட்டில் காதைப் பார்த்துச் சாய்ந்து, கொலர் படுகிற இடத்தில் மேல்நோக்கி என்று ஒரே கழுத்தில் மூன்று திசை இருக்கலாம். அதற்கு மேல் யாழ்ப்பாணத்து வெக்கை, வேர்வை, இறுக்கிப் பூட்டிய சேர்ட் கொலர்.

எதை வாங்குவது என்று பார்க்க முன், தொல்லை எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சேவ் எடுத்த கையோடு சிவந்து எரிந்து, பின்னேரத்துக்குள் அடங்கினால் அது தோல் உரசுப்பட்ட எரிவு. ஓரிரு நாள் கழித்துச் சின்னப் பருக்களாகக் கிளம்பி, தடவும்போது உள்ளே ஏதோ குத்துவது போல் இருந்தால், வெட்டிய முடி வளைந்து திரும்பித் தோலுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. சுருள் முடிக்காரருக்கு இது கூடுதலாக வரும். எரிவுக்குக் கையழுத்தம், நுரை, தண்ணீர் மூன்றும் காரணமாகலாம். பருவுக்குக் காரணம் முடியை அளவுக்கு மீறி ஒட்ட வெட்டுவது. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடுகிறவர்கள்தான் வருடக்கணக்கில் சொறிந்துகொண்டு திரிகிறார்கள்.

றேசர்கள்

கடையில் போய்க் கழுத்து எரிகிறது என்று சொன்னால் பிளேட் கூடியதாகப் பார்த்து எடுத்து நீட்டுவார்கள். ஜில்லெட் நிறுவனம் 1971இல் இரண்டு பிளேட் வைத்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. கூடக் கூட ஒட்ட வெட்டும் என்பது உண்மைதான். முன்னால் போகிற பிளேட் முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே போக முன் பின்னால் வருவது இன்னும் அடியில் அறுக்கிறது. கன்னத்தில் அதனால் பளபளப்பு வரும். கழுத்தில் அதே வேலைதான் வினை. அறுபட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விட, வளரும்போது நேரே வெளியே வராமல் பக்கச் சுவரைத் துளைக்கிறது. போதாக்குறைக்கு, ஐந்து பிளேட்டால் மூன்று முறை இழுத்தால் அதே தோலில் பதினைந்து பிளேட் போய்வந்த கணக்கு.

ஆனாலும் கார்ட்ரிட்ஜை, அதாவது பல பிளேட்டை ஒன்றாக அடக்கிக் கழற்றிப் பூட்டுகிற அந்தத் தலையை, அடியோடு தள்ள மாட்டேன். தலை தானாகத் திரும்பும், வெட்டு விழுவது குறைவு, காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்கு வசதி. எங்கள் ஊரில் அதன் பெரிய கோளாறு வேறு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற சித்தப்பா ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போவார். முடிகிற கட்டத்தில் இங்கே அதன் விலையைப் பார்த்து மலைத்து, கடைசித் தலையை மாதக்கணக்கில் இழுப்பார்கள். மழுங்கிய பிளேட்டுக்குக் கை தானாக அழுத்தும். அழுத்தினால் கழுத்து எரியும். பிளேட்டுக்கு நடுவே காய்ந்த சவர்க்காரமும் முடியும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பழைய இரட்டை விளிம்பு றேசர், அதாவது அப்பப்பா அலுமாரிக்குள் வைத்திருந்த அந்தக் கனத்த சாமான், 1903இலிருந்து ஏறக்குறைய அதே உருவத்தில் விற்பனையில் இருக்கிறது. தோலைத் தொடுவது ஒரு விளிம்பு மட்டும். தோல் மட்டத்தில் வெட்டும், அதற்குக் கீழே போவது குறைவு. பிளேட் மலிவு என்பதால் மூன்று நான்கு சேவுக்கு ஒருமுறை மனம் நோகாமல் மாற்றலாம். என் கணக்கில் இதன் முழு நன்மையும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது: மலிவான பிளேட்டைத்தான் மனிதர் நேரத்துக்கு எறிவார்கள்.

பழகத்தான் வேண்டும். கைப்பிடி தோலோடு ஏறத்தாழ 30 பாகையில் நிற்கவேண்டும். றேசரின் கனமே வெட்டட்டும், கை அழுத்தக்கூடாது. ஒரு அங்குல நீளத்துக்கு மேல் ஒரே இழுப்பு வேண்டாம். கழுத்துத் தோலை விரலால் வலிந்து இழுத்துப் பிடிப்பதும் கூடாது. விட்டதும் முனை உள்ளே போய்விடும், பிறகு பருதான். முதல் சில சேவில் ஓரிரு வெட்டு விழும்; கலியாண வீட்டுக்கு முதல் நாள் இதைத் தொடங்கவேண்டாம்.

எதைப் பிடித்தாலும் திசை முக்கியம். இரண்டு நாள் சேவ் எடுக்காமல் விட்டு, விரல் நுனியால் கழுத்தை நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகிற பக்கம் முடி வளரும் பக்கம், தடுக்கிற பக்கம் எதிர்ப்பக்கம். கண்ணாடியைப் பார்த்ததும் கழுத்தில் கீழிருந்து மேலே இழுப்பது பலருக்குக் கைப்பழக்கம். பாதிப் பேருடைய எரிவு அந்த ஒரு பழக்கத்தை விட்டாலே போய்விடும் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்டிக் றேசர், சொன்னபடி எறிந்தால் மோசமில்லை. யாரும் எறிவதில்லை.

சலூன் தனிக் கதை. நல்ல கைக்காரர் கிடைத்தால் வீட்டில் எடுக்கிற எந்தச் சேவும் கிட்ட வராது. பிளேட்டைக் கடதாசியோடு பாதியாக முறித்து, புதிய பாதியைக் கத்தியில் பூட்டுவதை உங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். பார்க்கக் கிடைக்காவிட்டால் கேளுங்கள், அதில் வெட்கமில்லை. தோலை நோயாக்குவது இரண்டாம் சுற்று. முதல் சுற்று முடிந்ததும் திரும்ப நுரை பூசி எதிர்ப்பக்கமாக இழுப்பது அவர்களுக்குத் தொழில் சுத்தம். அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

“அண்ணை, கழுத்தில மேல இழுக்க வேண்டாம். ஒருக்காக் கீழ இழுத்தாப் போதும்.”

“அப்ப கரகரப்பு இருக்குமே தம்பி?”

“இருக்கட்டும் அண்ணை.”

அந்தக் கரகரப்புக்குச் சம்மதம் என்றால் சலூன் நல்ல தெரிவு. சம்மதமில்லாதவருக்கு எந்த றேசரும் சரிவராது. கழுத்து மொழுமொழுவென்றும் இருக்கவேண்டும், எரியவும் கூடாது என்றால் நடக்கிற காரியமில்லை.

பரு வகைக்காரருக்கு மட்டும் என் தீர்ப்பு வேறு. அவர்கள் கன்னத்துக்கு றேசரை வைத்துக்கொண்டு, கழுத்துக்கு மின்சார ட்ரிம்மரைப் பாவிப்பதுதான் புத்தி. அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை முடி வெளியே நின்றால் அது திரும்பி உள்ளே நுழைவது குறையும். சற்றுத் தள்ளி நிற்கிறவருக்கு அந்த நிழல் பெரிதாகத் தெரியவும் மாட்டாது.

நுரையும் கிணற்றுத் தண்ணீரும்

இணையத்தில் வெளிநாட்டுக்காரர் போடுகிற அறிவுரை எல்லாம் இங்கே வந்ததும் பிசகுவது இந்த இடத்தில். பிரஷ்ஷும் ரியூப் கிரீமும்தான் உத்தமம், டின் ஃபோம் வெறும் காற்று என்பார்கள். அவர்கள் குழாயில் மென்தண்ணீர் வந்தால் அது சரி. குடாநாடோ சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்று நீரில் கல்சியம் நிறைய. கேத்திலின் அடியில் பொருக்குப் பொருக்காக வெள்ளை படிகிறதே, அதே சாமான்தான். சவர்க்காரம் அதோடு சேர்ந்தால் நுரைக்காமல் திரிந்துபோகும். பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் முதலில் பொங்கி, கழுத்துக்குப் போவதற்குள் மெலிந்து, ஒட்டுகிற வெள்ளைப் படலமாக நிற்கும். அந்தப் படலத்தில் பிளேட் வழுக்காது, இழுபடும்.

டின் ஃபோமில் நுரை ஏற்கெனவே தொழிற்சாலையில் பிடித்த தண்ணீரோடு வருகிறது. எங்கள் கிணறு அதைப் பெரிதாகக் கெடுக்க முடியாது. ஆகவே நேரே கிணற்று நீரில் சேவ் எடுப்பவருக்கு, ஃபோம் எவ்வளவு காற்றாக இருந்தாலும், கிரீமை விட அதுதான் மேல். வாசம் குறைந்ததாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. எரிகிற கழுத்துக்கு அத்தர் வாசம் எதற்கு.

ஆனால் ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் மாற்றினால் முடிவு தலைகீழாகும். சேவுக்கு வேண்டியது ஒரு கோப்பைதானே. குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீர் (உப்பு நீக்கி வடித்தது), மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இரண்டும் பிரமாதமாக நுரைக்கும். கொதிக்கவைத்து ஆறவிட்டு, மண்டியைக் கலக்காமல் மேலால் இறுத்து எடுத்தாலும் கடினத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணறு என்றால் கொதிக்கவைத்துப் பயனில்லை, உப்பு போகாது. நல்ல தண்ணீரில் பிரஷ்ஷால் அடித்த கிரீம் தடிப்பாக நின்று, படுத்துக் கிடக்கிற கழுத்து முடியையும் தூக்கிக் கொடுக்கும். அப்போது ஃபோம் கிட்ட வராது. குளிக்கிற சவர்க்காரத்தைத் தேய்த்துச் சேவ் எடுப்பவரோடு எனக்குக் கதை இல்லை.

குளிப்பும் ஒரு சிக்கல். குளித்துவிட்டுச் சேவ் எடு, முடி ஊறி இருக்கும் என்பது பொதுவான யோசனை. இங்கே சேவ் எடுத்தால் பிறகு முழுகவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். குளித்தவன் றேசரை எடுத்தால் அம்மா இன்னொருக்கால் கிணற்றடிக்குக் கலைப்பார். சண்டை பிடிக்கத் தேவையில்லை. முடி தண்ணீரை உறிஞ்ச இரண்டு மூன்று நிமிடம் போதும். ஈரத் துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நுரை அடித்தால் அந்த நேரம் ஓடிவிடும். சேவ் எடுத்து, பிறகு முழுகுங்கள். முழுகும்போது கழுத்தில் சவர்க்காரம் தேய்க்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். பல பேர் பிளேட்டைத் திட்டுகிற எரிவு இந்தக் கிணற்றடியில்தான் பிறக்கிறது. செவ்வாய், வெள்ளியில் சேவ் எடுக்கக்கூடாது என்கிற வழக்கமும் கழுத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு கொடுக்கிறது. அதை விடவேண்டாம்.

பிறகு பூசுவது

படிகாரம் இரத்தக் கசிவை நிறுத்தும், தோலை இறுக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது அது சொல்கிற உளவு: எங்கே அழுத்தி இழுத்தீர்களோ அங்கே மட்டும் சுரீரென்று கடிக்கும். அடுத்த முறை அந்த இடத்தில் கையை இலேசாக்கலாம். அரை நிமிடத்தில் கழுவிவிட வேண்டும், விட்டால் தோல் வறண்டு இழுக்கும். சலூனில் எல்லார் முகத்திலும் உருண்ட கட்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மதுசாரம் கலந்த ஆஃப்டர்சேவ் கன்னத்துக்குச் சரி, எரிகிற கழுத்துக்கு வேண்டாம். கற்றாழை நல்லது, இலவசமும் கூட. வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கிற கண்ணாடிச் சதையை மட்டும் எடுக்கவேண்டும். அந்தப் பால் சிலருக்குக் கடியைக் கூட்டும். தேங்காய் எண்ணெய் வறண்ட எரிவுக்கு இரண்டு துளி போதும், பரு வகைக்கு வேண்டவே வேண்டாம். தேசிக்காய்ப் புளி தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்பளித்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

பருவில் சீழ் கட்டினாலோ வலித்தாலோ, பாமசியில் கேட்டு வாங்குகிற ஸ்டீரொய்ட் கலவைக் கிரீம் வேலைக்கு உதவாது. இரண்டு நாள் அடங்குவது போல் காட்டி, தொடர்ந்து பூசினால் தோலை மெலியச் செய்து பருவைக் கூட்டும். தோல் வைத்தியரிடம் போனால், சில கிழமைகளுக்கு றேசரைத் தொடாமல் இருக்கச் சொல்லக்கூடும். நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து 25 நாள் திருவிழாவும் முடியும்வரை சேவ் எடுக்காமல் விரதம் இருப்பவருக்கு அந்த ஓய்வு தானாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் திருவிழாவை முடித்துவைக்கிற பூங்காவனம் முடிந்த மறுநாள், அவ்வளவு வளர்ந்த தாடியில் நேரே றேசரை வைத்துவிடாதீர்கள். முதலில் ட்ரிம்மரோ கத்தரிக்கோலோ போட்டுக் கட்டையாக்கி, பிறகு புதிய பிளேட்டால், கழுத்தில் ஒரே ஒரு சுற்று.