உயரமா, பாஸ்போர்ட்டா?

வரன் தேடும் வீட்டில் பயோடேட்டா வந்ததும் கண் போவது உயரத்துக்கு. பையன் ஐந்தடி நாலு அங்குலம் என்றால் "பொண்ணு ஹீல்ஸே போட முடியாது போலிருக்கே" என்று சித்தி இழுப்பார். அடுத்த வரியில் ‘நியூஜெர்சி, யுஎஸ் சிட்டிசன்’ என்று இருந்துவிட்டால், "உயரத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது" என்பவரும் அதே சித்திதான். கல்யாணச் சந்தையில் எது எதை வெல்லும் என்பதற்கு இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. வேலை விஷயத்தில் கொஞ்சம் தேவை.

உயரம் விதியாகவே நிற்கும் வேலைகள் சில உண்டு. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. ஐ.பி.எஸ்.ஸுக்கோ 165 போதும். எஸ்.பி.யைவிடக் காவலர் உயரமாக இருக்க வேண்டும் போல!

அலுவலக வேலைக்கு இப்படி விதி கிடையாது, ஆனால் சம்பளத்தில் தெரிகிறது. அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து டிமோதி ஜட்ஜும் டேனியல் கேபிளும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் அங்குலத்துக்கு வருடம் சுமார் 789 டாலர் கூடுதல். அதே ஆண்டு நிக்கோலா பெர்சிகோ குழு இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. பதினாறு வயதில் இருந்த உயரம்தான் கணக்கில் வருகிறது, அப்புறம் வளர்ந்தவருக்கு அந்த லாபம் இல்லை என்றார்கள். பள்ளியில் விளையாட்டிலும் மன்றங்களிலும் முன்னால் நின்ற பழக்கம்தான் பின்னாளில் காசாகிறதாம். எனக்கு இது நம்பும்படி இருக்கிறது.

பாஸ்போர்ட்டின் கணக்கு இதைவிடப் பெரிது. உலகில் ஆளுக்கு ஆள் வருமானம் மாறுவதில் பாதிக்கு மேல், எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதாலேயே வருகிறது என்று பொருளியலாளர் பிராங்கோ மிலானோவிச் கணக்கிட்டார். அங்குலத்தால் வரும் சில நூறு டாலர் அதற்குப் பக்கத்தில் சில்லறை.

ஆனால் குடியுரிமையும் எல்லா இடத்திலும் செல்லாது. வேலை வழியாக வரும் அமெரிக்க கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்குப் பொதுவாக 7 சதவீதம்தான் ஒதுக்கீடு, அதுவும் பிறந்த நாட்டை வைத்து. சென்னையில் பிறந்தவர் கனடா குடிமகனாகிவிட்டாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். மனைவி சிங்கப்பூரிலோ குவைத்திலோ பிறந்தவராக இருந்தால் அந்த நாட்டு வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். ஜாதகத்தில் பிறந்த இடம் எழுதுவதற்கு இப்படியும் ஒரு பலன்.

உயரம் உண்மையில் வதைப்பது ஐந்தடி எட்டு அங்குலப் பெண்ணைத்தான். பையன் அவளைவிட உயரமாக இருந்தே ஆக வேண்டும் என்று இரு வீட்டாரும் பிடிவாதமாக இருப்பதால் பாதி வரன்கள் பேச்சுக்கே வருவதில்லை. குட்டைப் பையனைக் காப்பாற்றும் பாஸ்போர்ட் இவளுக்கு அவ்வளவாக உதவுவதும் இல்லை.

சரி, உயரத்தைத் தள்ளிவிட்டு ‘யுஎஸ் மாப்பிள்ளை’ என்று முடிவு செய்கிறவர்கள் சிட்டிசனா, எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எச்-1பி என்றால் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 என்ற சார்பு விசா. அதில் 2015 வரை வேலைக்கே போக முடியாது. அதன் பிறகும் பெரும்பாலும் கணவருக்காக அவர் கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு (ஐ-140) அப்ரூவ் ஆகியிருந்தால்தான் அனுமதி.