ஓநாய்ப் பள்ளத்தாக்கில் ஒரு ராஜதந்திரியின் வீடு: ஷத்தோபிரியான் அருங்காட்சியகம்

பாரிஸுக்குத் தெற்கே ஷாத்னே-மலாப்ரி என்னும் ஊரில், வாலே-ஓ-லூ, அதாவது ஓநாய்ப் பள்ளத்தாக்கு, என்று வழங்கும் மரச்சோலைக்குள் இருக்கிறது பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவா-ரெனே தெ ஷத்தோபிரியான் வாழ்ந்த வீடு. ஆர்.இ.ஆர். பி என்னும் புறநகர் ரயிலில், அதன் ஒரு கிளையின் கடைசி நிலையமான ரோபின்சனில் இறங்கினால் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அரண்மனை போன்ற ஒன்றை எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இது சிறிய வீடாகத்தான் தெரியும். பிரான்சின் மேற்கிலுள்ள பிரித்தானிப் பகுதியின் பழம்பெரும் பிரபுக் குடும்பத்தில் 1768இல் பிறந்து, பெர்லின், லண்டன், ரோம் ஆகிய தலைநகரங்களில் பிரான்சின் தூதராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கிய ஒருவர் இவ்வளவு எளிய வீட்டிலா இருந்தார் என்று வியப்பு எழலாம். அந்தப் பெரிய பதவிகள் எல்லாம் வருவதற்கு முன்பு, ஆட்சியின் கோபத்துக்கு ஆளாகி ஒதுங்கியிருந்த காலத்தில் அவர் தேடிக்கொண்ட இடம் இது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்த வீடு நம்மோடு பேசும்.

நெப்போலியனின் கீழ் 1803இல் ரோம் தூதரகத்தின் செயலராகப் பணியில் சேர்ந்தவர், 1804 மார்ச்சில் பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கியன் கோமகன் நெப்போலியனின் ஆணையால் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி கேட்டதும் பதவியைத் துறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1807 ஜூலை 4 அன்று ‘மெர்க்யூர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில், நீரோ எவ்வளவு செழித்தாலும் பயனில்லை, அவனுடைய பேரரசில் டாசிட்டஸ் ஏற்கெனவே பிறந்துவிட்டான் என்று ஒரு வாக்கியம் இருந்தது. நீரோ ரோமின் கொடுங்கோல் பேரரசன்; டாசிட்டஸ் அவனைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியன். கொடுங்கோலனுக்குத் தீர்ப்பு எழுதுபவன் வரலாற்றாசிரியன்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நீரோ யார் என்பது நெப்போலியனுக்குப் புரியாமல் இல்லை. பாரிஸை விட்டு விலகியிருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டிலேயே தோட்டக்காரன் வீடு ஒன்றோடு கூடிய இந்த நிலத்தை ஷத்தோபிரியான் வாங்கினார்.

வீட்டின் முகப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கறுப்புச் சலவைக்கல் தூண்கள் இரண்டும், பெண் உருவில் செதுக்கிய வெள்ளைச் சலவைக்கல் தூண்கள் இரண்டும் தாங்கும் ஒரு முகமண்டபத்தை அந்தச் சாதாரணச் செங்கல் வீட்டுக்கு முன்னால் அவர் கட்டிச் சேர்த்தார். ஏதென்ஸ் வழியாகப் போய்வந்தது நினைவில் இருந்ததால் அப்படிச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். உள்ளே இருபுறமும் பிரிந்து ஏறும் மரப்படிக்கட்டு அழகானது. அறைகளில் அக்காலத்து அறைகலன்களும் ஓவியங்களும் நூல்களும் உள்ளன. அவற்றை அவசரமின்றிப் பார்க்கலாம். ஆனால் நேரத்தின் பெரும்பகுதியைத் தோட்டத்துக்கு மிச்சம் வைத்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் இங்கே அவர் மிகவும் விரும்பி உழைத்தது மரங்களுக்காகத்தான். அமெரிக்காவிலும் கிரேக்கத்திலும் பாலஸ்தீனத்திலும் தான் அலைந்து திரிந்த நிலங்களை நினைவூட்டும் வகையில் பைன், தேவதாரு, லார்ச் என்று தேடித் தேடி நட்டார். நெப்போலியனின் மனைவி, பேரரசி ஜோசபின் கொடுத்த ஊதாப்பூ மக்னோலியாவும் அவற்றுள் ஒன்று. கணவரின் கோபத்துக்கு ஆளானவருக்கு மனைவி அளித்த பரிசு அது. மரங்களைப் பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிவேன் என்றும், அவை இன்னும் மிகச் சிறியவை என்பதால் வெயிலுக்கும் அவற்றுக்கும் நடுவே நான் நின்றால் என் நிழல் அவற்றின் மேல் விழுகிறது, ஒருநாள் அந்த நிழலை எனக்குத் திருப்பித் தந்து என் முதுமையைக் காக்கும் என்றும் அவர் எழுதினார். அவர் நட்டவற்றுள் சில இன்றும் உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் அடியில் நின்று இந்த வரிகளைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது, ஏனெனில் அந்த நிழல் அவருக்குக் கிடைக்கவில்லை.

தோட்டத்தில் சற்றுத் தள்ளியிருக்கும் வெலேதா கோபுரத்தைத் தவறவிடக் கூடாது. அவருடைய ‘தியாகிகள்’ நூலின் கதைமாந்தர் ஒருத்தியின் பெயரைத் தாங்கிய அந்தச் சிறு கட்டடம் அவருக்கு எழுதும் அறையாக இருந்தது. 1811 அக்டோபர் 4 அன்று, தன் பெயர்ப் புனிதரின் திருநாளும் தான் எருசலேமுக்குள் நுழைந்த நாளும் அதுவே என்று குறித்துவிட்டு, ‘கல்லறைக்கு அப்பாலிருந்து நினைவுகள்’ என்னும் பெருநூலை அவர் இந்தப் பள்ளத்தாக்கில்தான் தொடங்கினார். அந்தத் தொடக்கப் பக்கங்களில் ஒரு வேண்டுதல் உண்டு: புரட்சியில் ஆட்சியிழந்த பூர்பன் மன்னர்கள் மறுபடியும் அரியணை ஏறினால், என் விசுவாசத்துக்குக் கைம்மாறாக, இந்த நிலத்தைச் சுற்றியுள்ள காட்டோரத்தையும் வாங்கிச் சேர்க்கும் அளவுக்குச் செல்வம் தந்தால் போதும். மன்னர்கள் திரும்பினார்கள். ஆனால் அரசியல் சாசனத்தின்படியான முடியாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று 1816இல் அவர் வெளியிட்ட நூல் பதினெட்டாம் லூயிக்குச் சினமூட்ட, ஷத்தோபிரியான் அரசு அமைச்சர் என்ற பட்டத்தையும் அதனோடு வந்த ஊதியத்தையும் இழந்தார். முதலில் நூலகம் விற்பனைக்குப் போனது. பின்பு வீட்டைக் குலுக்கல் முறையில் விற்க, ஆயிரம் ஃபிராங்க் வீதம் 90 சீட்டுகள் அச்சிட்டார்கள்; விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டுமே விலைபோயின. இறுதியில், ஏழைகளின் தட்டுமுட்டுச் சாமான்களைப் போல ஏலத்தில் போனது என்று அவரே வருந்தும்படி வீடு கைமாறியது. அவருடைய நண்பர் மத்தியூ தெ மோன்மொரான்சி அதைப் பெற்றுக்கொண்டார். கைநழுவிப் போனவற்றுள் இந்த ஒன்றுக்காகவே வருந்துகிறேன் என்கிறார் ஷத்தோபிரியான். பேரரசரை எதிர்த்து எழுதியதால் இங்கே வந்தவர், தான் ஆதரித்த மன்னரோடு முரண்பட்டு எழுதியதால் இங்கிருந்து போனார் என்பதுதான் இந்த வீட்டின் முழு வரலாறு.

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவர் ஆன்றி லெ சவுரே இதை வாங்கிச் சிகிச்சை இல்லமாக நடத்தியதோடு, 1930இல் ஷத்தோபிரியான் கழகத்தையும் தொடங்கி அவருடைய நினைவைக் காத்தார். பின்னர் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் வந்து, 1987 முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது.

ஐரோப்பிய வல்லரசுகள் 1822இல் கூடிய வெரோனா மாநாட்டில் பங்கேற்று, 1823ஆம் ஆண்டு ஸ்பெயின் போரை முன்னின்று நடத்திய அமைச்சரைத் தேடிச் செல்பவர்களுக்கு இந்த இடம் போதாது. அவை எல்லாம் அவர் இங்கிருந்து சென்ற பிறகு நடந்தவை. அவர்கள் நினைவுகள் நூலின் லண்டன், ரோம் பகுதிகளைப் படிப்பதே சிறந்த வழி. எழுத்தாளரும் வரலாற்றாசிரியரும் எப்படி உருவானார் என்று அறிய விரும்புபவர்கள், அதே நூலின் முதல் சில பக்கங்களையாவது படித்துவிட்டு, நடக்க ஏற்ற காலணியோடு, மழையில்லாத ஒரு நாளில் வர வேண்டும். வீட்டை முதலில் பார்த்து முடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினால் நேரம் சரியாக இருக்கும்.