இந்தியன் ஓஷன் கச்சேரி: நடுவில் நின்று கேளுங்கள்
1990-இல் டெல்லியில் தொடங்கிய இந்தியன் ஓஷன் இசைக்குழுவை ஒருமுறையாவது நேரில் கேட்டுவிட வேண்டும். மேடையை ஒட்டி நிற்காதீர்கள். ராகுல் ராமின் பேஸ் கிட்டார் நெஞ்சில் இடிக்கும், தபேலா அதில் அமுங்கிப் போகும். சவுண்ட் மிக்ஸர் மேசைக்குச் சற்று முன்னால், நடுவில் நில்லுங்கள். ஒலியமைப்பாளர் காதுக்குக் கேட்பதுதான் அங்கே உங்களுக்கும் கேட்கும். தபேலா மைக்கில் டிரம்ஸ் சத்தமும் புகும். அதனால் அந்த மைக்கின் ஒலியை அதிகம் ஏற்ற முடியாது, ஏற்றினால் டிரம்ஸும் சேர்ந்து ஏறும், ஸ்பீக்கரும் ஊளையிடும்.

தபேலா வாசித்தபடியே பாடிய அஷீம் சக்ரவர்த்தி 2009-இல் மறைந்தார். இப்போது ஹிமான்ஷு ஜோஷி பாட, துஹீன் தபேலா வாசிக்கிறார். கையும் குரலும் ஒருவருடையதாக இருந்த அந்த நெருக்கம் இல்லைதான். ஆனால் ஜோஷியின் ஆலாபனை அள்ளுகிறது. டிரம்ஸ் வாசிக்கும் அமித் கிலம், கப்குபி என்ற நரம்பு வாத்தியத்தை அக்குளில் இடுக்கி, ஒரு கையால் நரம்பை இழுத்துத் தளர்த்தி மறுகையால் மீட்டும்போது சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும். கண்ணை எடுக்காதீர்கள்.